குத்துச் சத்தம்

கல்முனை ஆஸ்பத்திரியில்
என் அறைக்கு யன்னல் இல்லை.
சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால்
பெரிய வீதியின் பஸ் ஹோர்னும் கடலும்
ஒரே கணத்தில் செத்துப்போகும்.

ஆதம்லெப்பை உதுமான்கண்டு. ஐம்பத்தாறு. இறக்காமம்.
தொழில் வயல்.
அதற்கு முன் ஆட்லறி, பதினெட்டு வருடம்.
ரணசூர பதக்கம்.
இதை அவர் சொல்லவில்லை,
பென்சன் படிவத்தில் வேறு யாரோ
நீல மையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"சத்தம் கேட்டா இத அமத்துங்க" என்று
பொத்தானைக் கொடுத்தேன்.
நீட்டிய உள்ளங்கையில் ரேகை இல்லை,
மெழுகு ஊற்றி ஆறவிட்ட மாதிரி.

"மருந்துப் பொதி பத்திட்டு மிஸ்.
பக்கத்துல அடுக்கி நாப்பது செல்.
ஓடத்தான் எல்லாரும் பாத்த.
எனக்கு ஓடத் தோணல்ல.
அள்ளினன், சேத்துக்குள்ள அமத்தினன்.
மூணு பொதி.
நாலாவத அள்ளக்குள்ள
கை எனக்குச் சொந்தமில்ல."

ஐந்து பேர் பிழைத்தார்கள்.
இரத்தினபுரிக்காரன் ஒருவன்
பெருநாளுக்குப் பெருநாள் இன்றைக்கும் போன் எடுக்கிறானாம்.
"அவன் கதைக்கிற ஒண்டும் விளங்கிறல்ல,
ஓம் ஓம் எண்டு சொல்லுவன்."

நுளம்பைப் போல ஓர் ஒலி அனுப்பினேன்.
அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.
நாலாயிரத்தில் கோடு
கிணற்றுக்குள் இறங்கிப்போயிற்று.

செல் போய் விழ நாற்பத்தொரு விநாடி,
வாய்க்குள் எண்ணுவார்களாம்.
"எண்ணி முடிய, தூரத்த ஒரு சின்ன வெளிச்சம்.
சத்தம் மறுகாத்தான் வரும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாகரைப் பக்கம், மரமுந்திரிகைக் காட்டோரம்
பத்து வயதில் நானும் எண்ணினேன்.
குத்தின சத்தம் கேட்டதிலிருந்து பன்னிரண்டு.
பன்னிரண்டுக்குள் பங்கர்.
மிச்ச இருபத்தொன்பதும்
சத்தம் எங்களிடம் நடந்துவந்த நேரம் என்று
இந்த வேலைக்குப் படிக்கும்போது கண்டுபிடித்தேன்,
கொப்பியின் கடைசித் தாளில்,
யாருக்கும் காட்டாமல்.

படிவத்தில்
காயமடைந்த திகதிக்கு ஒரு கட்டம்.
வாசித்தேன்.
மறுபடி வாசித்தேன்.

அந்த இரவு ஒன்றரைக்குப் பிறகு குத்தவில்லை.
எண்ண ஒன்றுமில்லாமல் இருட்டுக்குள் இருந்தோம்.
அம்மா மேலே ஏறி
கிணற்றில் ஒரு வாளி அள்ளினா;
கப்பியில் கயிறு அரைபட்டது
ஊருக்கே கேட்டிருக்கும்.
தம்பி குடித்தான். இன்னும் கேட்டான்.
மூன்று மணியளவில்
இரண்டாவது வாளிக்கு அவனே ஏறினான்,
திரும்பக் குத்தியது.

பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்தவன்தான்.
அன்றைக்கு ஏழில் விழுந்தது.
கோணம் மாறியிருக்கும்.

இந்த மனிதர் அள்ளியிராவிட்டால்
விடியும்வரை அந்தப் பீரங்கி
வாய் திறந்திராது.
ஐந்து வீடுகளில் பெட்டி இறங்கியிருக்கும்.
இந்தக் கணக்கை நான்
எந்தத் தாளிலும் போடவில்லை.

கடைசிச் சோதனை, சொற்கள்.
கடதாசியால் வாயை மறைத்து நான் சொல்ல
அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.
மீசை. "மீனா."
பசி. "படி."
கிளி. "புளி."
பிழை, பிழை, பிழை.
பிழை விழும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து
பள்ளிப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

பட்டியலில் ஏழாவது சொல் பூட்டு.
நான் கோபிராம் என்றேன்.

"கோபிராம்"
என்றார், ஓர் எழுத்தும் பிசகாமல்,
டாப்புக் கூப்பிடுகிறவரின் குரலில்.
"பேரா மிஸ் அது?"

சரி என்று அடையாளமிட்டேன்.
பேனை மை அந்த இடத்தில் கொஞ்சம் ஊறியது.
கடதாசியை மறுபடி உயர்த்தி,
"கவனமாக் கேளுங்க" என்று
விட்ட சொல்லைச் சொன்னேன்.
பூட்டு.